பேய்க்கு விலாசம் கிடைக்காத கதை: திகில் படங்களில் கம்பெனி

'கார்ப்பரேட்' என்பது இப்போது கிட்டத்தட்ட ஒரு வசவுச் சொல் ஆகிவிட்டது. படத்தில் பணக்கார வில்லன் யார் வந்தாலும் அவன் கார்ப்பரேட்தான். கோட்டு போட்டிருந்தால் போதும், சந்தேகமே வேண்டாம். திருநெல்வேலி ஜங்ஷன் பக்கம் ஒரு டீக்கடை வாசலில், திகில் படம் பார்த்துவிட்டு வந்த இரண்டு பேர் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"எல்லாத்துக்கும் அந்தக் கோட்டு போட்டவன்தான் காரணம் அண்ணாச்சி. கார்ப்பரேட்காரன்லா."

"ஏ தம்பி, அவன் சம்பளத்துக்கு வேலை பாக்கவன்லா. முதலாளி எங்க?"

"அவனத்தான் கடைசிவரைக்கும் காட்டவே இல்லையே!"

இளையவர் அதைப் படத்தின் குறையாகச் சொன்னார். எனக்கென்னவோ அந்த வகைப் படத்தின் உயிரே அந்த இடத்தில்தான் இருக்கிறது என்று தோன்றுகிறது. முதலாளியைக் காட்டி, அவனைக் கொன்றால் அது பழிவாங்கும் கதை. தேடித் தேடிப் போயும் முதலாளி அகப்படாவிட்டால்தான் அது கம்பெனியைப் பற்றிய திகில் கதை. இந்த வித்தியாசம் எங்கிருந்து வருகிறது என்று முதலிலிருந்து பார்க்கலாம். பொருளாதாரமோ சட்டமோ படித்திருக்கத் தேவையில்லை.

## பழைய பேய்க்குக் கணக்குத் தெரியும்

நம் பக்கம் கோயில் கொடைத் திருவிழா பார்த்து வளர்ந்தவர்களுக்குப் பேய்க் கதையின் இலக்கணத்தைச் சொல்லித்தர வேண்டாம். ராத்திரி வில்லுப்பாட்டில் பாடப்படும் கதைகளில் பாதிக்கு மேல் ஏதாவது ஒரு கொலை இருக்கும். ஒருவர் அநியாயமாகச் சாகிறார். செத்தவர் ஆங்காரத்தோடு திரும்பி வருகிறார். கொன்றவன் தொழுவத்தில் மாடு சாகிறது, வீட்டில் பிள்ளை படுத்த படுக்கையாகிறது. கடைசியில் அவனோ அவன் வம்சமோ வந்து பீடம் போட்டு, படையல் வைத்து, காலில் விழ வேண்டும். உயிருக்கு உயிர், இல்லாவிட்டால் உயிருக்குப் பீடம். கணக்கு நேராகிவிட்டது.

இந்தக் கணக்கு நடப்பதற்கு ஒன்று கட்டாயம் தேவை. யார் வீட்டுக்குப் போக வேண்டும் என்று ஆவிக்குத் தெரிந்திருக்க வேண்டும். கொன்றவனுக்குப் பெயர் உண்டு, ஊர் உண்டு, வயல் உண்டு. வில்லுக்காரர் அதையெல்லாம் விஸ்தாரமாகப் பாடி முடித்த பிறகுதான் கொலைக்கே வருவார்.

நம் பேய்ப் படங்கள் இந்த மரபின் வாரிசுகள். 2011இல் வந்த 'காஞ்சனா'வை எடுத்துக்கொள்ளுங்கள். ஏழைகளுக்கு ஆஸ்பத்திரி கட்டுவதற்காகத் திருநங்கை ஒருவர் வாங்கிய நிலத்தை ஓர் அரசியல்வாதி பறித்துக்கொண்டு அவரையும் கொன்றுவிடுகிறார். ஆவி நேராக அவரைத் தேடிப் போகிறது. பணம், நிலம், அதிகாரம் எல்லாம் இதில் இருக்கின்றன. ஆனாலும் இது கம்பெனிக் கதை ஆகாது. குற்றவாளிக்கு முகம் இருக்கிறது, அவன் ஒழிந்தால் கதையும் ஒழிகிறது, தியேட்டரில் விசில் பறக்கிறது.

## கம்பெனி என்பது யார்?

நெல்லையப்பர் கோயில் நிலம் யாருடையது? நிர்வாக அதிகாரியுடையது அல்ல, பட்டருடையதும் அல்ல. அது சுவாமியின் சொத்து. இந்தியச் சட்டப்படி கோயில் மூர்த்தி சொத்து வைத்துக்கொள்ளலாம், வழக்குப் போடலாம், அவர் மீதும் வழக்குப் போடலாம். அதிகாரிகள் மாறுவார்கள், பட்டர்கள் மாறுவார்கள், சொத்து சுவாமியிடமே இருக்கும். இப்படி மனிதர் அல்லாத ஒன்றைச் சட்டம் ஓர் ஆளாகப் பாவிப்பதற்குச் 'சட்ட நபர்' என்று பெயர். கம்பெனியும் ஒரு சட்ட நபர்தான். பங்கு வாங்கியவர்கள் வேறு, கம்பெனி வேறு.

ஒப்பீடு இந்த இடத்தோடு நின்றுவிடும். சுவாமி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்ற நம்பிக்கையில்தான் முன்னோர் அவருக்கு நிலத்தை எழுதி வைத்தார்கள். கம்பெனிக்குள் அப்படி யாரும் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பதாக எவரும் நம்புவதில்லை. 18ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் லார்ட் சான்சலராக இருந்த தர்லோ, கம்பெனிக்குத் தண்டிக்க உடம்பும் இல்லை, நரகத்துக்கு அனுப்ப ஆத்மாவும் இல்லை என்று சொன்னதாக ஒரு பேச்சு உண்டு. பேய்ப் பட டிரெய்லருக்கு அப்படியே எடுத்துப் போடலாம்.

அடுத்தது, பெயர்ப் பலகையில் நாம் தினமும் பார்க்கும் 'லிமிடெட்'. சொந்தக் கடை வைத்து நொடித்துப்போனால் கடன்காரர் வீட்டு வாசலுக்கே வந்துவிடுவார். கம்பெனியில் பத்தாயிரம் ரூபாய்க்குப் பங்கு வாங்கியவருக்கு அந்தக் கவலை இல்லை. கம்பெனி கோடிக்கணக்கில் கடன்பட்டாலும், ஓர் ஊரையே நாசம் பண்ணினாலும், அவருக்குப் போவது அந்தப் பத்தாயிரம் மட்டும்தான். இதற்கு 'வரையறுத்த பொறுப்பு' என்று பெயர். இதைச் சூழ்ச்சி என்று சொல்லிவிட முடியாது. இந்தப் பாதுகாப்பு இல்லாவிட்டால் முன்பின் தெரியாத ஆயிரம் பேர் காசு போட்டு ஒரு மில்லோ கப்பலோ நடத்தவே முடியாது. ஆனால் லாபம் வருவதற்குப் பெரிய வாசலும் பழி வருவதற்குச் சின்ன ஜன்னலும் வைத்துக் கட்டிய வீடு இது என்பதை மறந்துவிடக் கூடாது.

மூன்றாவது குணம், சாவு இல்லாதது. இதற்கு நம் மலையிலேயே உதாரணம் இருக்கிறது. சிங்கம்பட்டி ஜமீன் 1929இல் மாஞ்சோலைக் காட்டை பாம்பே பர்மா டிரேடிங் கார்ப்பரேஷனுக்கு 99 வருடக் குத்தகைக்குக் கொடுத்தது. முடிகிற வருடம் 2028. இடையில் வெள்ளைக்காரன் போனான், ஜமீன் ஒழிந்தது, சிங்கம்பட்டியில் பட்டம் கட்டிய கடைசி ராஜாவும் 2020இல் காலமானார். குத்தகைக்குக் கொடுத்த ஜமீன் இல்லை, எடுத்த கம்பெனி இருந்தது. செத்தும் சாகாமல் அலைவதைத்தான் நாம் பேய் என்கிறோம். பிறந்தும் சாகத் தேவையில்லாத ஒன்றுக்கு நம்மிடம் பெயரே இல்லை.

இதுவரை பார்த்ததைச் சேர்த்துக்கொள்வோம். பழைய ஆவி ஓர் ஆளைத் தேடிப் போகும். கம்பெனி சட்டத்துக்கு மட்டும்தான் ஆள். அதற்கு உடம்பு இல்லை, அதன் சொந்தக்காரர்களைத் தொட முடியாது, அதற்கு ஆயுளும் கிடையாது. இந்த இரண்டையும் ஒரே கதையில் விட்டால் என்ன ஆகும்?

## ஏழு பேர், ஒரு சரக்குக் கப்பல்

1979இல் வந்த 'ஏலியன்' படத்தை விண்வெளிப் பிராணியின் கதை என்றுதான் எல்லோரும் ஞாபகம் வைத்திருக்கிறார்கள். கொஞ்சம் நிதானமாகப் பார்த்தால் அது கூலிக்காரர்களின் கதை. கப்பலில் இருக்கும் ஏழு பேரும் தாதுச் சுரங்கச் சரக்கை இழுத்துக்கொண்டு ஊர் திரும்பும் தொழிலாளர்கள். தூக்கத்திலிருந்து எழுந்து சாப்பிட உட்கார்ந்ததும் எஞ்சின் அறையில் வேலை பார்க்கும் இருவர் எடுக்கும் முதல் பேச்சு, போனஸ். மற்றவர்களுக்குக் கிடைக்கும் பங்கு எங்களுக்கு ஏன் இல்லை என்கிறார்கள்.

அப்புறம் வழியில் ஒரு சமிக்ஞை. இறங்கிப் பார்க்க வேண்டுமா? எங்கள் வேலை சரக்கு ஏற்றுவது, ஆளை மீட்பது இல்லை என்கிறார் எஞ்சின்காரர். விஞ்ஞான அதிகாரி ஆஷ் நிதானமாக ஒப்பந்தத்தை நினைவுபடுத்துகிறார்: இப்படிச் சமிக்ஞை வந்தால் விசாரித்தே ஆக வேண்டும், மறுத்தால் மொத்தப் பங்கும் போய்விடும். யாரும் துப்பாக்கியை நீட்டவில்லை. சம்பளம் போய்விடும் என்ற ஒரு வரி போதுமானதாக இருக்கிறது. பேய் பிடிக்கிற நிமிடம் என்று இந்தப் படத்தில் எதையாவது சொல்ல வேண்டுமென்றால் நான் இதைச் சொல்வேன். முட்டை உடைந்து பிராணி முகத்தில் பாய்வது பிற்பாடுதான்.

ஆட்கள் ஒவ்வொருவராகச் செத்த பிறகு, ரிப்ளி என்ற பெண் அதிகாரி கப்பலின் கம்ப்யூட்டரிடம் கேள்வி கேட்கிறார். அந்தக் கம்ப்யூட்டருக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் 'மதர்'. திரையில் பச்சை எழுத்தில் பதில் வருகிறது. பிராணியைக் கொண்டு வருவதுதான் முதல் வேலை, மற்றதெல்லாம் அப்புறம், ஆட்கள் போனாலும் பரவாயில்லை. இந்த உத்தரவுக்குக் கீழே கையெழுத்து இல்லை. யார் எழுதியது, எந்த மீட்டிங்கில் முடிவானது, எதிர்த்து யாராவது பேசினார்களா, எதுவும் தெரியாது. அதை நிறைவேற்ற வந்த ஆஷும் மனிதனே இல்லை, எந்திரம் என்று தெரியவருகிறது. அந்த எந்திரம் பிராணியைப் பாராட்டிப் பேசும் இடம் ஒன்று உண்டு: மனசாட்சி இல்லை, குற்றவுணர்ச்சி இல்லை, ஒழுக்கம் என்ற மயக்கம் இல்லை. பிராணியைப் பற்றிச் சொல்லப்பட்டாலும் அது கம்பெனியின் சான்றிதழ்.

ஆக, இந்தப் படத்தில் கொல்வது இரண்டு. பிராணி பசிக்காகவும் இனம் பெருக்கவும் கொல்கிறது, அதைக் கோபித்துப் பயனில்லை. கம்பெனி ஒரு லாபக் கணக்குப் போட்டு, அதில் ஏழு பேரைச் செலவுப் பக்கம் எழுதிவிட்டது. பிராணியை ரிப்ளி விண்வெளிக்குத் தள்ளிவிடுகிறார். கம்பெனியை எங்கே தள்ளுவது?

## கல்லை மட்டும் நகர்த்தினால் செலவு மிச்சம்

கெட்ட எண்ணமே இல்லாமல் கம்பெனி எப்படிக் கெடுதல் செய்கிறது என்பதைப் புரிந்துகொள்ள இன்னொரு சொல் தேவைப்படும். ஒரு பொருளைத் தயாரிக்கும்போது வரும் செலவில் ஒரு பகுதியைத் தயாரிக்கிறவர் கொடுக்காமல், சம்பந்தமில்லாத மற்றவர் தலையில் விழுந்தால் அது 'புறச்செலவு'. சாயக் கழிவைச் சுத்தம் செய்யாமல் ஆற்றில் விட்டால் ஆலைக்குச் செலவு மிச்சம். ஆற்றுத் தண்ணீரைக் குடிக்கிறவருக்கு ஆஸ்பத்திரிச் செலவு. மொத்தச் செலவு குறையவே இல்லை, கை மாறியிருக்கிறது.

1982இல் வந்த 'போல்டர்கைஸ்ட்' இதை ஒரே காட்சியில் சொல்லிவிடுகிறது. புது மனைப்பிரிவு. அங்கே வீடு விற்கும் கம்பெனியின் விற்பனையாளர் தன் குடும்பத்தோடு அதே பிரிவில் ஒரு வீட்டில் குடியிருக்கிறார். வீட்டில் ஆவிகள் அட்டகாசம் செய்து கடைசிக் குழந்தையைக் கொண்டுபோய்விடுகின்றன. காரணம் இறுதியில் தெரிகிறது. அந்த இடம் பழைய கல்லறைத் தோட்டம். கல்லறைகளை வேறு இடத்துக்கு மாற்றிவிட்டோம் என்று கம்பெனி சொல்லியிருந்தது. மாற்றியது பெயர் பொறித்த கற்களை மட்டும்தான், பிணங்கள் கீழேயே கிடக்கின்றன. நீச்சல் குளத்துக்காகத் தோண்டிய குழியில் மழைச் சேற்றோடு எலும்புக்கூடுகள் மிதந்து வரும்போது, அந்த விற்பனையாளர் தன் மேலதிகாரியின் சட்டையைப் பிடித்துக் கத்துவார்.

பிணங்களைத் தோண்டி எடுத்து மாற்றுவதற்குப் பணம் செலவாகும். அந்தப் பணத்தைக் கம்பெனி மிச்சம் பிடித்தது. அந்தச் செலவு பிற்பாடு ஒரு சின்னக் குழந்தையின் தலையில் விழுந்தது. வில்லுப்பாட்டு ஆவியாக இருந்தால் நேரே கம்பெனி அதிபரின் பங்களாவுக்குப் போயிருக்கும். இந்த ஆவிகளுக்கு அது தெரியவில்லை. மேலே யார் குடியிருக்கிறாரோ அவரைப் பிடிக்கின்றன. அந்த மனிதரோ கம்பெனியின் சம்பளக்காரர், விஷயமே தெரியாதவர். மனை வாங்கி மாட்டிக்கொண்டவர்கள் நம் ஊரிலும் இருக்கிறார்கள், அவர்களுக்கு இந்தப் படம் திகில் படமாகவே தெரியாது, செய்தியாகத் தெரியும்.

நிஜத்தில் இதற்கு நம் நாட்டிலேயே பெரிய உதாரணம் போபால். 1984 டிசம்பர் 2 இரவு யூனியன் கார்பைட் ஆலையிலிருந்து விஷவாயு கசிந்து ஆயிரக்கணக்கானோர் இறந்தார்கள். ஆலையை நடத்தியது இந்தியக் கம்பெனி, அதில் 50.9 சதவீதப் பங்கு அமெரிக்கத் தாய்க் கம்பெனியிடம் இருந்தது. அது வேறு நபர், நாங்கள் வேறு நபர் என்பதுதான் தாய்க் கம்பெனியின் வாதம். 1989இல் 47 கோடி டாலருக்குச் சமரசம் ஆனது. 2010இல் இந்திய அதிகாரிகள் ஏழு பேருக்கு இரண்டாண்டுச் சிறை விதித்தது கோர்ட்டு. கம்பெனியைச் சிறையில் அடைக்க முடியாதே? அந்த இந்தியக் கம்பெனிக்கு ஐந்து லட்சம் ரூபாய் அபராதம்.

## அப்படியென்றால் யாருமே கெட்டவர் இல்லையா?

இந்த இடத்தில்தான் நிறையப் பேர் குழம்புகிறார்கள். கம்பெனிதான் வில்லன் என்று சொல்லிவிட்டால் உள்ளே இருக்கும் மனிதர்களை விட்டுவிட்டதாக ஆகாதா? ஆகாது. ஒரு கெட்ட காரியத்தைப் பத்துத் துண்டாக்கி, பத்துப் பேரிடம் கொடுத்தால், ஒவ்வொருவர் கையிலும் இருப்பது சாதாரண ஆபீஸ் வேலையாகத் தெரியும். ஒருவர் கோப்பை அனுப்பினார், ஒருவர் கையெழுத்துப் போட்டார், ஒருவர் வண்டியை ஓட்டினார். இதற்குப் 'பொறுப்புச் சிதறல்' என்று பெயர் வைத்துக்கொள்வோம். சிதறியிருக்கிறது என்பதற்காகப் பொறுப்பு ஆவியாகிவிடுவதில்லை. உணர்வதற்குத்தான் ஆள் இல்லை.

'ஏலியன்' படத்தின் அடுத்த பாகமாக 1986இல் வந்த 'ஏலியன்ஸ்' படத்தில் பர்க் என்று ஒரு கம்பெனி அதிகாரி வருகிறார். சிரித்த முகம், உதவிக்கு ஓடி வருவார். பிராணியின் முட்டைகள் இருக்கும் இடத்துக்கு, ஒரு வார்த்தை எச்சரிக்காமல், குடியேறிய மக்களை அனுப்பியது அவர்தான். எச்சரித்தால் அரசாங்கம் உள்ளே வரும், உரிமை கைவிட்டுப் போகும். மாட்டிக்கொண்டதும் அவர் சொல்வது, முடிவு தப்பாகிவிட்டது என்று. கொலை என்ற சொல்லே அவர் வாயில் வராது. நன்றாக எழுதப்பட்ட கதாபாத்திரம். ஆனாலும் முதல் படத்தின் கையெழுத்தில்லா உத்தரவு என்னைப் பயமுறுத்திய அளவுக்குப் பர்க் பயமுறுத்தவில்லை. முகம் கிடைத்ததும் நம் பழைய மனசு நிம்மதி அடைந்துவிடுகிறது. இவன் செத்தால் சரியாகிவிடும் என்று நினைக்க ஆரம்பித்துவிடுகிறோம்.

அப்படிச் சரியாகாது என்பதைத் திருநெல்வேலிச் சீமை நன்றாகவே பார்த்திருக்கிறது. நம்மிடம் வரி கேட்டு வந்தது ஒரு ராஜா அல்ல, லண்டனில் பங்குதாரர்களுக்கு லாபம் பிரித்துக் கொடுத்துக்கொண்டிருந்த கிழக்கிந்தியக் கம்பெனி. 1798 செப்டம்பரில் ராமநாதபுரத்தில் கலெக்டர் ஜாக்சனுக்கும் கட்டபொம்மனுக்கும் நடந்த மோதல் எல்லோருக்கும் தெரியும். அதன் பிறகு நடந்தது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. விசாரணைக் குழு வைத்தார்கள், ஜாக்சன் பதவியிலிருந்து நீக்கப்பட்டார், அவர் இடத்துக்கு லூஷிங்டன் வந்தார். நம் கதைக் கணக்குப்படி வில்லன் போய்விட்டான், நியாயம் கிடைத்துவிட்டது. 1799 அக்டோபர் 16ஆம் தேதி கயத்தாற்றில் கட்டபொம்மனைத் தூக்கில் போட்டார்கள். ஆள் மாறினான், கணக்குப் புத்தகம் மாறவில்லை.

மறுபடி ஒருமுறை: புறச்செலவு என்பது கெடுதல் எங்கே போய் விழுகிறது என்பதைக் காட்டும் சொல். பொறுப்புச் சிதறல் என்பது அந்தக் கெடுதலைச் செய்தவர் ஏன் கண்ணுக்குத் தட்டுப்படவில்லை என்பதைக் காட்டும் சொல். கம்பெனித் திகில் படம் இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது.

## கம்பெனி என்றாலே பேயா?

இல்லை. வ.உ.சி. வெள்ளைக்காரனை எதிர்க்க எடுத்த ஆயுதமே ஒரு கம்பெனிதான். 1906இல் தூத்துக்குடியில் அவர் தொடங்கிய சுதேசி நாவாய்ச் சங்கம், பத்து லட்சம் ரூபாய் மூலதனத்தில், 25 ரூபாய்ப் பங்குகளாகப் பதிவு செய்யப்பட்டது. ஆயிரக்கணக்கானோரின் சின்னப் பணம் சேர்ந்து கடலில் கப்பல் விட்டது வரையறுத்த பொறுப்பின் புண்ணியம். அதே கதைக்கு ஒரு கசப்பான பின்பாதியும் உண்டு. 1908இல் அவர் சிறைக்குப் போனார். உள்ளே அவர் செக்கிழுத்துக்கொண்டிருந்தபோது வெளியே கம்பெனி நொடித்துப்போய், கப்பல் போட்டிக்கார வெள்ளைக் கம்பெனியிடமே விற்கப்பட்டது. தொடங்கியவரின் தியாகம் கம்பெனியின் ரத்தத்தில் கலப்பதில்லை. நல்லவர் ஆரம்பித்தால் நல்ல கம்பெனியாகவே இருக்கும் என்பதும், கெட்டவர் போய்விட்டால் சரியாகிவிடும் என்பதும் ஒரே தவறின் இரண்டு பக்கங்கள்.

லாபம் ஒன்றுதான் கம்பெனியின் சட்டக் கடமை என்று அடித்துச் சொல்கிறவர்களும் உண்டு. நம் சட்டம் அப்படிச் சொல்லவில்லை. 2013ஆம் ஆண்டுக் கம்பெனிகள் சட்டத்தின் 166ஆம் பிரிவு, இயக்குநர்கள் பங்குதாரர்களோடு தொழிலாளர், சமூகம், சுற்றுச்சூழல் ஆகியவற்றின் நலனையும் பார்க்க வேண்டும் என்கிறது. எழுத்தில் இருக்கிறது. நடக்கிறதா என்பது வேறு கட்டுரை.

## நம் படங்களில் ஏன் இது அபூர்வம்?

ஹீரோ அடிப்பதற்கு ஒரு தாடை வேண்டும், அவ்வளவுதான் காரணம் என்று நினைக்கிறேன். 'கத்தி' (2014) நம் மாவட்டத்துத் தன்னூத்துக் கிராமத்தின் தண்ணீருக்காகக் குளிர்பானக் கம்பெனியோடு மோதும் கதை. திகில் படம் அல்ல. அதிலும் கடைசியில் மோதுவதற்கு ஒரு ஆள் தேவைப்பட்டான். பேய்ப் படத்துக்கு இந்தக் கட்டாயம் குறைவு. சுடலைமாடன் கோயிலில் சாமியாடி வேட்டைக்குக் கிளம்பிப் போய், பூட்டிய ஆபீஸ் வாசலில் செக்யூரிட்டி ஒருவரை மட்டும் பார்ப்பதாக யாராவது ஒரு கதை எழுதினால், அது நம் மண்ணின் கம்பெனித் திகில் கதையாக இருக்கும்.

புதிதாகப் பார்க்க ஆரம்பிக்கிறவர்கள் 'போல்டர்கைஸ்'டில் தொடங்கலாம், குடும்பக் கதை, சுலபமாக உள்ளே போய்விடலாம். 'ஏலியன்' மெதுவாக நகரும், போனஸ் பேச்சு வரும்போது போனை எடுத்துவிடாதீர்கள். 'ஏலியன்ஸ்' பெரும்பகுதி சண்டைப் படம். ஆனால் தொடக்கத்தில் வரும் விசாரணைக் காட்சியைத் தனியாக ஒருமுறை ஓட்டிப் பார்க்கலாம். 57 வருடம் கழித்து மீட்கப்பட்ட ரிப்ளி, கம்பெனி அதிகாரிகள் முன்னால் நின்று நடந்ததைச் சொல்கிறார். பின்னால் ஒரு திரையில் செத்துப்போன அவருடைய சகாக்களின் முகங்கள் ஒவ்வொன்றாக வந்து போகின்றன. மேஜையைச் சுற்றி இருப்பவர்களுக்குத் தெரிய வேண்டியது, 4 கோடியே 20 லட்சம் டாலர் பெறுமானமுள்ள கப்பலை ஏன் வெடிக்க வைத்தாய் என்பது.